"இது எந்த வகை, அம்மா?" – கணக்கிலும் அறிவியலிலும் சிந்திக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா?

ஈசூன் அம்மா (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். பள்ளியில் கணித மதிப்பெண் மோசமில்லை. சனிக்கிழமைகளில் ஒரு துணைப்பாட (டியூஷன்) நிலையத்துக்கும் போகிறாள். நாம் எல்லாரும் 'புரோப்ளம் சம்' என்று சொல்லும் வாக்கியக் கணக்குகளை அங்கே வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வண்ணத் தாள் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் மாறாத கணக்கு, வித்தியாசம் மாறாத கணக்கு, ஒருவருடையது மட்டும் மாறாத கணக்கு என்று அவளுடைய கோப்பு பார்க்கவே அழகாக இருக்கும்.

சென்ற வாரம் வீட்டுப்பாடத்தில் ஒரு வயதுக் கணக்கு வந்தது. அம்மாவுக்கு 38 வயது, மகளுக்கு 10 வயது. எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அம்மாவின் வயது மகளுடையதைப்போல் மூன்று மடங்காகும்? வித்தியாசம் 28, அது மாறாது, மகளின் அப்போதைய வயதை ஒரு யூனிட் என்று வைத்தால், மூன்று மடங்கு என்பதால் வித்தியாசம் இரண்டு யூனிட், ஒரு யூனிட் 14, ஆகவே 4 ஆண்டுகள் என்று இரண்டே நிமிடத்தில் போட்டுவிட்டாள். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், ஆசிரியை அல்லள். ஏதோ ஓர் ஆசையில் அதே எண்களை வைத்து இன்னொன்று கேட்டேன்: "இரண்டு மெழுகுவத்திகள், ஒன்று 38 சென்டிமீட்டர், மற்றது 10 சென்டிமீட்டர். இரண்டும் ஒரே வேகத்தில் எரிகின்றன. எவ்வளவு எரிந்த பிறகு நீளமானது குட்டையானதைப்போல் ஐந்து மடங்கு இருக்கும்?"

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது எந்த வகை, அம்மா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயது கூடுகிறது, மெழுகுவத்தி குறைகிறது. மற்றபடி இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் என்ற சொல்லைத் தாளில் படித்திருக்கிறாளே ஒழிய, எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்கும் கண் அவளுக்கு வரவில்லை. அந்தக் கண்ணைக் கொடுக்க முடியுமா, அல்லது அது பிறவியில் வருவதா? ஆசிரியர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

சனிக்கிழமை வகுப்பு

வணக்கம், சகோதரி. நீங்கள் சொன்னது என் வகுப்பாக இருக்காது என்று நம்புகிறேன். ஆனால் நானும் பதினோரு ஆண்டுகளாகத் துணைப்பாடம் நடத்துபவன், நானும் வகை பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் எங்கள் தரப்பு நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

புதிய கணக்கு ஒன்றைத் தேர்வறையில் பார்க்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நேரம் இல்லை, பதற்றம் உண்டு. கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். "இது முன்பும் பின்பும் ஒப்பிடும் கணக்கு" என்று அடையாளம் தெரிந்தால் முதல் கோடு வரையத் தொடங்கிவிடும். அனுபவம் என்பதே வகைகளை அறிவதுதான் அல்லவா? மருத்துவர் நோயாளியைப் பார்த்தவுடன் அறிகுறிகளை ஒரு நோயின் பெயரோடு பொருத்திப் பார்க்கவில்லையா? சிந்திக்கக் கற்றுக்கொடுங்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். அதே பெற்றோர் இரண்டாவது மாதத்தில் மதிப்பெண் ஏறவில்லை என்று பிள்ளையை வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலைமையைச் சொல்கிறேன்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2021ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் வந்த நாணயக் கணக்கு என் வகுப்பையும் கவிழ்த்தது. நினைவிருக்கும்: ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள். ஹெலனிடம் சில 50 காசு நாணயங்களும் 64 இருபது காசு நாணயங்களும். அவற்றின் எடை 1.134 கிலோ. ஐவனிடம் சில 50 காசு நாணயங்களும் 104 இருபது காசு நாணயங்களும். யாரிடம் எவ்வளவு பணம் அதிகம்? ஒரு 50 காசு நாணயம் ஒரு 20 காசு நாணயத்தைவிட 2.7 கிராம் கனம் என்றால் ஐவனின் நாணயங்களுடைய எடை என்ன? அன்று மாலை என் கைப்பேசி ஓயவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட ஹெலனிடம் எத்தனை 50 காசு நாணயங்கள் இருந்தன என்று தேடித்தேடி நேரத்தை இழந்திருந்தார்கள்.

கரும்பலகை

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். மேலே இருவரும் எழுதியதைப் படித்தபோது பழைய நினைவுகள் எழுந்தன. கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று உலகம் முழுவதும் 'சிங்கப்பூர்க் கணிதம்' என்று பேசுகிறார்களே, எண்களை நீளக் கட்டைகளாக வரைந்து ஒப்பிடும் அந்த 'மாடல்' முறை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1980இல் கல்வி அமைச்சின்கீழ் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. அங்கே டாக்டர் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு தொடக்கநிலைக் கணிதப் பாடநூல்களை உருவாக்கியது. 1983 வாக்கில் மாடல் முறை வகுப்பறைக்குள் வந்தது. அப்போது நான் இளம் ஆசிரியன். அன்றைய சிக்கல் இன்றையதற்கு நேர் எதிரானது: கூட்டல் கழித்தல் செய்யத் தெரிந்த பிள்ளைகள், இரண்டு வரி வாக்கியக் கணக்கைக் கண்டால் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று தெரியாமல் திகைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத உறவைக் கண்ணுக்குத் தெரியும் நீளமாக மாற்றிக் காட்டவே அந்தக் கட்டைகள் வந்தன. கையால் தொடும் பொருள், பிறகு படம், அதன் பிறகு குறியீடு என்ற வரிசைக்குப் பின்னால் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனை இருந்தது.

ஆகவே மாடல் என்பது விடையை எழுதும் படிவம் அன்று, யோசிப்பதற்கான இடம். அது எப்போது படிவமாக மாறியது என்று எனக்கு நாள் சொல்லத் தெரியாது. ஆனால் அளவுகோல் வைத்துக் கோடு நேராக இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பிய ஒரு சக ஆசிரியரைப் பார்த்த அன்று எனக்குச் சந்தேகம் வந்தது. பிள்ளை முதலில் விடையைக் கண்டுபிடித்துவிட்டு, ஆசிரியருக்காகப் பின்னால் மாடல் வரைவதையும் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டு முடித்த பிறகு இலை போட்டதுபோல.

1990ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் ஐங்கோணச் சட்டகம் ஒன்று வந்தது. நடுவில் கணிதச் சிக்கல்களுக்குத் தீர்வு காணுதல். சுற்றிலும் கருத்துகள், திறன்கள், செயல்முறைகள், மனப்பான்மை, தன் சிந்தனையைத் தானே கவனித்தல் என்ற ஐந்து பக்கங்கள். கடைசியில் சொன்னதுதான் சகோதரி கேட்கும் 'கண்'. "நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், இது என்னை எங்கே கொண்டுபோகிறது" என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்வது. நாணயக் கணக்கில் பத்து நிமிடம் தவறான பாதையில் போன பிள்ளைக்குக் கணித அறிவு குறைவில்லை. நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் சொன்ன நான்கு படிகள் ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு மனப்பாடம்: கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, திட்டப்படி செய், திரும்பிப் பார். நாற்பதாண்டு அனுபவத்தில் சொல்கிறேன், வகுப்பறையில் நடப்பது மூன்றாவது படி மட்டும். முதல் படிக்குப் பொறுமை இல்லை, நான்காவது படிக்கு மணி அடித்துவிடும்.

நெம்புகோல்

தொடக்கக் கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய நிலை) இயற்பியல் கற்பிக்கிறேன். 'சனிக்கிழமை வகுப்பு' கேட்ட மருத்துவர் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு 1981இலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது.

மிஷெலின் சீ என்ற உளவியலாளரும் அவருடைய இரு சகாக்களும் இயற்பியல் கணக்குகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, ஒரேமாதிரியானவற்றைச் சேர்த்து அடுக்கச் சொன்னார்கள். அடுக்கியவர்களில் ஒரு பகுதியினர் முனைவர் பட்ட மாணவர்கள், மற்றவர்கள் அறிமுகப் பாடம் மட்டும் படித்தவர்கள். புதியவர்கள் சாய்தளக் கணக்குகளை ஓர் அடுக்காகவும் சுருள்வில் கணக்குகளை இன்னோர் அடுக்காகவும் வைத்தார்கள். தேர்ந்தவர்களோ ஆற்றல் அழியாவிதிக் கணக்குகள் ஒரு பக்கம், நியூட்டனின் இரண்டாம் விதிக் கணக்குகள் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். ஒரே அடுக்கில் சாய்தளமும் இருந்தது, சுருள்வில்லும் இருந்தது. வகை பிரிப்பதில் தவறே இல்லை. எதைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மெழுகுவத்திக் கணக்கும் வயதுக் கணக்கும் ஒரே அடுக்கில் விழ வேண்டும் என்பதை மகளே கண்டுபிடித்திருந்தால் அந்த வண்ணத் தாள் பொன்னான தாள். யாரோ அடுக்கிக் கொடுத்ததால் அது வெறும் தாள்.

அறிவியலில் இந்த நோய் இன்னும் முற்றியிருக்கிறது என்பது என் கருத்து. குளிர்ந்த நீர் உள்ள குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் ஏன் தோன்றுகின்றன என்று கேட்டால், தொடக்கப்பள்ளியை முடித்த எந்தச் சிங்கப்பூர்ப் பிள்ளையும் தூக்கத்தில்கூடச் சொல்லும்: சுற்றியுள்ள காற்றிலிருக்கும் வெப்பமான நீராவி, குவளையின் குளிர்ந்த மேற்பரப்பைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளிகளாகக் குளிர்ந்து சுருங்குகிறது. வரிக்கு வரி மதிப்பெண் சொற்கள். இதே பிள்ளையிடம், குளிரூட்டப்பட்ட பேருந்திலிருந்து இறங்கியதும் உன் மூக்குக்கண்ணாடி ஏன் மங்குகிறது என்று கேளுங்கள். இரவெல்லாம் குளிரூட்டி ஓடிய அறையின் சன்னல் கண்ணாடியில் காலையில் துளிகள் எந்தப் பக்கம் இருக்கும், உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். குளித்து முடித்ததும் குளியலறைக் கண்ணாடி மங்குகிறதே, அங்கே குளிர்ந்த பொருள் எது என்று கேளுங்கள். குவளை இல்லாததால் விடையும் காணாமல் போய்விடும். எது வெப்பமானது, எது குளிர்ந்தது, நீராவி எந்தப் பக்கத்தில் அதிகம் என்ற மூன்று கேள்விகள் போதும்; நான்கு நிகழ்வுகளும் ஒரே அடுக்கில் வந்து விழும்.

இதைச் சொல்வதால் நம் பிள்ளைகளுக்குச் சிந்திக்கவே தெரியாது என்று பொருளல்ல. பதினைந்து வயது மாணவர்களுக்கான பல நாடுகளை ஒப்பிடும் 2012ஆம் ஆண்டு பிசா ஆய்வில், பாடத்தைச் சாராத சிக்கல்களைக் கணினியில் தீர்க்கும் பகுதியில் சிங்கப்பூர் 562 புள்ளிகளோடு முதலிடம் பெற்றது. "மனப்பாட நாடு" என்று எளிதாக முத்திரை குத்துபவர்கள் அதற்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும்.

இரவுப்பணி

நான் ஆசிரியன் அல்லன். மின்தூக்கிப் பராமரிப்பு வேலை, பெரும்பாலும் இரவில். இரண்டு பையன்களின் தந்தை. 2023ஆம் ஆண்டின் கணக்குப்படி இந்த நாட்டுக் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு ஆண்டுக்கு 180 கோடி வெள்ளி செலவழிக்கின்றன. அதில் என் பங்கும் உண்டு என்பதால் பேசும் உரிமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வேலையில் சிக்கல் தீர்ப்பது எப்படி என்று சொல்கிறேன், படிப்புக்குப் பொருந்துமா என்று நீங்களே பாருங்கள். மின்தூக்கியில் பாதுகாப்புச் சுற்று என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டிலும் ஒரு விசை, அதற்கு மேல் இன்னும் சில விசைகள், எல்லாம் ஒரே வரிசையில் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஏதாவது ஒரு விசை திறந்தாலும் மின்சாரம் நின்றுவிடும், தூக்கி நகராது. புதிதாக வரும் தம்பிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? சென்ற முறை எட்டாம் மாடிக் கதவு பழுதாக இருந்தது, ஆகவே இன்றும் எட்டாம் மாடிக்கு ஓடுவார்கள். அங்கே இல்லையென்றால் ஒவ்வொரு மாடியாக ஏறுவார்கள். இருபத்தைந்து மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தில் விடிந்துவிடும்.

மூத்தவர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. முதலில் சுற்றின் வரைபடத்தை விரி. நடுவில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து அங்கே மின்னழுத்தம் வருகிறதா என்று அள. வந்தால் பழுது அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். ஒரே அளவீட்டில் பாதி மாடிகள் கழிந்துவிட்டன. மீதியில் மறுபடி நடு. ஐந்தாறு முறை அளந்தால் இருபத்தைந்து மாடிக் கட்டடத்திலும் இடம் அகப்பட்டுவிடும். அவர் ஒருமுறைகூட "சிந்தித்துப் பார்" என்று சொன்னதில்லை, அளவு கருவியைக் கையிலெடுக்கும் முன் "இப்போது உனக்கு என்ன தெரியும்? இதை அளந்தால் புதிதாக என்ன தெரியவரும்?" என்று மட்டும் கேட்பார். பதில் சொல்லாவிட்டால் அளக்க விடமாட்டார்.

என் மூத்தவன் தொடக்கநிலை ஐந்தில் மின்சுற்றுப் பாடம் படித்தபோது, தொடர் இணைப்பில் ஒரு விளக்கு அணைந்தால் மற்றவையும் அணையும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினான். "நான்கு விளக்குகளும் எரியவில்லை, எது பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேட்டேன். "அது பாடத்தில் இல்லை, அப்பா" என்றான். உண்மைதான், இல்லை.

சனிக்கிழமை வகுப்பு

அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தத் தம்பிகளுக்குச் சுற்று வரைபடம் படிக்கத் தெரியாமல் இருந்தால் மூத்தவரின் கேள்வி பயன்பட்டிருக்குமா? அடிப்படை கைவராத பிள்ளையிடம் போய் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் அழுகைதான் வரும். என் வகுப்பில் அழுதிருக்கிறார்கள்.

நெம்புகோல்

பயன்பட்டிருக்காது. இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1980களில் தொடர்ந்து சொன்னது இதைத்தான்: புதிதாகக் கற்பவருக்கு ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கக்கூடியவை மிகக் குறைவு, இலக்கைத் தேடுவதிலேயே அந்த இடம் முழுவதும் நிரம்பிவிட்டால், கற்றுக்கொள்ள இடமில்லாமல் போகும். அத்தகைய பிள்ளைக்குத் தீர்த்துக் காட்டிய கணக்குகளை நிதானமாகப் படிக்கக் கொடுப்பது, புதிய கணக்குகளைக் குவிப்பதைவிட நல்லது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அது நம் ஊரிலேயே ஆராயப்பட்டது. மனு கபூர், தேசியக் கல்விக் கழகத்தில் இருந்தபோது, இங்குள்ள பள்ளிகளில் 'பயனுள்ள தோல்வி' என்ற முறையைச் சோதித்தார். மூன்று காற்பந்து வீரர்கள் பல ஆண்டுகளில் அடித்த கோல்களைக் கொடுத்து, இவர்களில் யார் மிகவும் சீராக ஆடுபவர் என்பதை அளக்க ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று உயர்நிலை மாணவர்களிடம் விட்டுவிடுவார்கள். திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) பற்றி அவர்களுக்கு இன்னும் பாடம் நடக்கவில்லை. அவர்கள் போடும் வழிகளில் அநேகமாக எதுவும் முழுதாகச் சரிவராது. அதன் பிறகுதான் ஆசிரியர் வந்து, அவர்களுடைய வழிகளையே எடுத்துவைத்து, ஒவ்வொன்றும் எங்கே சறுக்குகிறது என்று காட்டி, சூத்திரத்தைச் சொல்வார். முதலிலேயே சூத்திரம் சொல்லிக்கொடுக்கப்பட்ட மாணவர்களோடு ஒப்பிட்டால், கணக்குப் போடும் திறனில் இரு சாராரும் சமம். கருத்தைப் புரிந்துகொள்வதிலும் புதிய சூழலில் பயன்படுத்துவதிலும் தடுமாறி வந்தவர்கள் முந்தினார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையைத் தனியே தவிக்க விடும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். தவறு. தடுமாற்றத்துக்குப் பின்னால் ஆசிரியர் வராவிட்டால் அது வெறும் தோல்விதான்.

தொண்டூழியர்

வார நாள்களில் கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் தொண்டூழியர் நான். மேலே சொல்லப்பட்டவை எல்லாம் ஓரளவு படிக்கும் பிள்ளைகளைப் பற்றியவை. என்னிடம் வருபவர்களுக்குச் சிக்கல் இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது: அவர்கள் கணக்கைப் படிப்பதே இல்லை, எண்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறையன்று. 1980ஐ ஒட்டி, பிரான்சின் கிரனோபிள் நகரில் சிறு பிள்ளைகளிடம் "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பல் தலைவரின் வயது என்ன?" என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் 36 என்று கூட்டிச் சொன்னார்கள். அமெரிக்காவில் பதின்மூன்று வயதினருக்கான தேசியத் தேர்வில், 1,128 படைவீரர்களை ஏற்றிச்செல்ல, 36 பேர் அமரும் பேருந்துகள் எத்தனை வேண்டும் என்று கேட்டபோது, ஏறத்தாழ பத்தில் மூவர் "31 பேருந்து, மீதி 12" என்று எழுதினார்கள். வகுத்தல் சரி. அந்தப் பன்னிரண்டு பேர் சாலையோரத்தில் நிற்கிறார்கள்.

நான் செய்வது ஒன்றே ஒன்று. கணக்கிலுள்ள எண்களையெல்லாம் சிறு ஒட்டுத்தாளால் மறைத்துவிடுவேன். பிறகு, "என்ன நடந்தது என்று எனக்குத் தமிழில் சொல்" என்பேன். ஆங்கிலத்தில் படித்த கணக்கைத் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்க முடியாது. நடந்ததைப் புரிந்துகொண்டால்தான் வாய் திறக்க முடியும். "மாலாவிடம் 12 உருண்டைகள், அது கண்ணனிடம் இருப்பதைவிட 5 அதிகம்" என்ற கணக்கில் 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் கூட்டிவிடும் பிள்ளைகள், எண் இல்லாமல் கதை சொல்லும்போது "கண்ணனிடம் கம்மியாகத்தான் இருக்கும், அக்கா" என்று தாங்களே சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவது கணக்குக்குத் தடை என்று நினைத்து மாறிவிட்ட பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். என் மேசையில் நேர் மாறாக நடக்கிறது.

கரும்பலகை

தொண்டூழியர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் தமிழ்வழியில் படித்தவன். 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டதோடு இங்கே தமிழில் கணிதம் கற்கும் காலம் முடிந்தது. அதை மீட்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் யோசனையும் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை.

'சனிக்கிழமை வகுப்பு' அவர்களுக்கு ஒரு யோசனை. வண்ணத் தாள்களைத் தூக்கி எறிய வேண்டாம். தலைப்புகளை வெட்டி எடுத்துவிட்டு, எல்லாக் கணக்குகளையும் கலந்து கொடுத்து, போடச் சொல்லாமல், அடுக்க மட்டும் சொல்லிப் பாருங்கள். எந்த இரண்டு கணக்குகள் உறவினர், ஏன் என்று அவர்களே சொல்லட்டும். ஒரு வகுப்பில் நான்கு கணக்குகள்தான் நடக்கும். பெற்றோருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதில் நான் உதவ முடியாது.

சனிக்கிழமை வகுப்பு

ஐயா, செய்து பார்க்கிறேன். தொடக்கநிலை நான்கில் தொடங்குகிறேன். ஆறாம் நிலைக்கு இந்த ஆண்டு எனக்குத் துணிவில்லை. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கைத்தடியைப் பிடுங்கக் கூடாது என்பதில் என் கருத்து மாறவில்லை.

ஈசூன் அம்மா

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் முதலில் செய்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

நாணயக் கணக்கைத்தான் எடுத்தேன். எண்களை ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டு, இருவருக்கும் நாணய எண்ணிக்கை ஒன்றுதான், ஐவனிடம் 20 காசு அதிகம் என்று மட்டும் விட்டுவைத்தேன். கதை சொல்லச் சொன்னேன். இரண்டு முறை தட்டுத்தடுமாறிவிட்டு, "அப்படியென்றால் ஹெலனிடம் 50 காசு அதிகமாக இருக்க வேண்டும், இங்கே எத்தனை கூடுகிறதோ அங்கே அத்தனை குறைய வேண்டும்" என்றாள். ஒட்டுத்தாளை எடுத்தேன். 104இல் 64 போனால் 40. நாற்பது நாணயங்கள் மட்டும் வேறு, ஒவ்வொன்றிலும் 30 காசு வித்தியாசம். ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். எடையிலும் அதே நாற்பது. 108 கிராம் குறைத்தால் 1.026 கிலோ. போட்டு முடித்துவிட்டுச் சற்றுக் கோபமாகவே கேட்டாள்: "அப்போது ஹெலனிடம் 50 காசு எத்தனை இருந்தது என்று தெரியவே வேண்டாமா?" வேண்டாம் என்றேன். "பிறகு ஏன் அதைச் சொல்லாமல் ஏமாற்றுகிறார்கள்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கரும்பலகை ஐயா சொல்லட்டும்.

எல்லா நாளும் இப்படி நடந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாள் சண்டையில் முடிந்தது. ஒருநாள் நானே பொறுமை இழந்து விடையைச் சொல்லிவிட்டேன்.

மெழுகுவத்திக்கு நேற்று அவளாகவே திரும்பினாள். வித்தியாசம் 28, அது நான்கு யூனிட், ஒரு யூனிட் 7, ஆகவே 3 சென்டிமீட்டர் எரிந்திருக்கும் என்று போட்டுவிட்டு, கேட்காமலேயே, "இரண்டு மடங்கு எப்போது?" என்று தனக்குத்தானே ஒரு கேள்வி வைத்துக்கொண்டாள். குட்டையானது 28 சென்டிமீட்டர் என்று விடை வந்தது. தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அழித்தாள். மறுபடி போட்டாள், மறுபடி 28. பத்து சென்டிமீட்டர் மெழுகுவத்தி எப்படி 28 ஆகும் என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். கூடவே இருந்தால் சொல்லிவிடுவேன் என்ற பயம். சோறு வடிக்கும்போது கூடத்திலிருந்து குரல் வந்தது: "அம்மா, அது முன்னாடியே முடிந்துபோச்சு! இரண்டும் இப்போதையதைவிட 18 சென்டிமீட்டர் நீளமாக இருந்தபோது!"

சனிக்கிழமை வகுப்பு

சகோதரி, அந்தக் கடைசிக் கேள்வியை இந்தச் சனிக்கிழமை என் வகுப்பில் கொடுக்கலாமா என்று மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஈசூன் அம்மா

கேட்டேன். கொடுக்கலாமாம். ஆனால் எந்த வகை என்று மேலே எழுதக் கூடாதாம்.